மனோலெத்தே: கோர்தோபாவின் நான்காம் கலீஃபாவா, சிறிய காளைகளின் காலம் எழுப்பிய பெயரா?

கருவேலன்:
ஸ்பெயினின் காளைப்போரைப் பற்றிய பேச்சில் வீரர் மனோலெத்தேயின் பெயர் வந்தவுடன் விமர்சகர்களும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 28 அன்று லினாரெஸ் நகர அரங்கில் இஸ்லேரோ என்ற மியூரா பண்ணைக் காளை அவருடைய வலது தொடையைக் கிழித்தது. மறுநாள் விடிவதற்குள் முப்பது வயதில் அவர் இறந்துபோனார். அந்த மரணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, 1939 முதல் அவர் அரங்கில் செய்ததை மட்டும் எடைபோட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஸ்பெயினில் காளைகளின் வயதும் எடையும் கொம்பும் குறைந்திருந்த ஒரு காலம் அவருக்கு வாய்த்தது என்பதும், அவருடைய பாணி அந்தக் குறைபாட்டின் மேல்தான் கட்டப்பட்டது என்பதும் தெளிவாகும். போரின்போது பல மந்தைகள் இறைச்சிக்காக அறுக்கப்பட்டன. எஞ்சியவற்றிலிருந்து அரங்கங்களை நிரப்ப வேண்டியிருந்ததால், நான்கு வயது நிரம்பாத காளைகள் முழுக் காளைகளாக விற்கப்பட்டன. போதாக்குறைக்குக் கொம்பு நுனியை அறுத்துச் சீவிவிடும் மோசடியும் பரவியது. கொம்பு சீவப்பட்ட காளை தன் தாக்குதலின் தூரத்தைத் தவறாகக் கணிக்கும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. இப்படிப்பட்ட எதிராளிக்கு முன்னால் அசையாமல் நிற்பதை எப்படி மகத்துவம் என்பது?

மாலைவெயில்:
கருவேலன் ஐயா சொல்லும் கால நிலைமையை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த நிலைமை ஒருவருக்கு மட்டும் வாய்த்தது போல எழுதுவது நியாயமன்று. தொமிங்கோ ஓர்தேகாவும், செவில்லாவின் பெப்பே லூயிஸ் வாஸ்கெஸும், பின்னர் மெக்சிகோவிலிருந்து வந்த கார்லோஸ் அர்ரூசாவும் அதே காளைகளுக்கு முன்னால்தான் நின்றார்கள். அவர்களில் எவருக்கும் கிடைக்காத இடம் இவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்பதற்குச் சிறிய காளைகள் விடை சொல்லாது.

மானுவல் லாவுரேயானோ ரோட்ரிகெஸ் சாஞ்செஸ் 1917 ஜூலை 4 அன்று கோர்தோபாவில் பிறந்தவர். தந்தையும் மனோலெத்தே என்ற அதே பெயரில் அரங்கேறிய காளைப்போர் வீரர்; மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய் அங்குஸ்தியாஸ், அதற்கு முன்பே லகார்த்திஹோ சிக்கோ என்ற இன்னொரு வீரரின் விதவை. குடும்பத்தின் மூத்த தலைமுறையைச் சேர்ந்த பெப்பேத்தே 1862இல் மாட்ரிட் அரங்கில் ஒரு மியூரா காளையால் கொல்லப்பட்டவர். இப்படிப்பட்ட வீட்டில் வறுமையோடு வளர்ந்த பையன், கேளிக்கைக் காட்சிகளும் காளை விளையாட்டும் கலந்த ‘லோஸ் கலிஃபாஸ்’ என்ற குழுவில் சேர்ந்து தொழில் பழகினான். 1935இல் மாட்ரிட்டின் தெத்துவான் அரங்கில் முதன்முதலாக இறங்கியபோது விளம்பரத் தாளில் அவன் பெயரையே தவறாக அச்சிட்டிருந்தார்கள்.

1939 ஜூலை 2 அன்று செவில்லாவின் மயெஸ்த்ரான்சா அரங்கில் அவரை முழு வீரராக ஏற்றுக்கொண்ட சடங்கை நடத்தியவர் சிக்குவேலோ. இந்தச் சிக்குவேலோ 1928இல் மாட்ரிட்டில் கோர்ச்சாயித்தோ என்ற காளையோடு, இடக்கையில் பிடித்த முலேத்தாத் துணியால் ஒரு வீச்சு முடியும் இடத்திலேயே அடுத்த வீச்சைத் தொடங்கி, அறுபடாத தொடராகப் பின்னிக் காட்டியவர். அதற்கு முன்பே ஹுவான் பெல்மோந்தே, காளையின் வழியிலிருந்து விலகிக்கொள்ளாமல் நின்று, துணியால் காளையை விலக்கலாம் என்று நிறுவியிருந்தார். ஆனால் இவை எப்போதாவது, நல்ல காளை அமைந்தால் மட்டும் நிகழ்ந்தவை. மனோலெத்தே இவற்றை ஒவ்வொரு மாலையிலும், ஏறக்குறைய எந்தக் காளையோடும், கால்களை நகர்த்தாமல் செய்தார். காளைப்போரின் பிற்கால இலக்கணம் முழுவதும் அந்த ஒரு பிடிவாதத்திலிருந்து வந்தது.

கருவேலன்:
“எந்தக் காளையோடும்” என்ற தொடரில்தான் நமக்குள் வேறுபாடு. ஓர்தேகாவின் கலை என்பது முரண்டு பிடிக்கும் காளையை நடந்து நடந்து வளைத்து அடக்கும் கலை. அந்தக் கலைக்குக் கரடுமுரடான, தன் எண்ணப்படி நடக்கும் காளை தேவை. 1940களின் இளங்காளைகளோடு ஓர்தேகா கொஞ்சம் வீணாகிப்போனார் என்றே சொல்லலாம். மனோலெத்தேயின் பாணிக்கோ, நேர்கோட்டில் திரும்பத் திரும்ப வரும் காளை தேவை. ஆகவே எல்லோருக்கும் ஒரே காளைகள் என்பதால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருந்தது என்று ஆகிவிடாது.

அவருடைய நிலையையும் பார்க்க வேண்டும். பழைய முறைப்படி வீரர் காளைக்கு ஓரளவு மார்பைக் காட்டி, காலை முன்வைத்து, தாக்குதலின் பாதையை வளைத்துத் தன்னைச் சுற்றி அனுப்ப வேண்டும். மனோலெத்தே பக்கவாட்டில், கால்களைச் சேர்த்து, கம்பம் போல நின்றார். இதனால் வீச்சின் முதல் பாதியே இல்லாமல் போகிறது என்று அக்காலத்துத் தூய்மைவாதிகள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டில் பொருள் இருக்கிறது. துணிக்குள் எஃகு வாளுக்குப் பதிலாக இலேசான மர வாளை வைத்துக்கொள்வதும் அவர் காலத்தில்தான் வழக்கமானது. தொடக்கத்தில் வீசும் பெரிய துணியான கப்போத்தே வீச்சில் அவருடைய இருப்பு சொற்பம். பண்டெரில்லா ஈட்டிகளைத் தாமே குத்துவதிலோ அர்ரூசாவுக்கு அருகில்கூட அவர் வர மாட்டார். அவர் பெயரைத் தாங்கிய ‘மனோலெத்தினா’ வீச்சு அவர் கண்டுபிடித்ததுகூட இல்லை. காளைப்போர்க் கோமாளிகளிடமிருந்து வந்தது. இவற்றோடு மேலாளர் காமராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்ணையின் காளைகள், எந்த வீரர்களோடு, என்ன ஊதியத்துக்கு என்று எல்லாவற்றையும் நிபந்தனையாக வைக்கும் வலிமை அந்த முன்னாள் வீரருக்கு இருந்தது.

செண்பகம்:
இருவரும் மன்னிக்க வேண்டும். ‘இளங்காளை’, ‘நேர்கோட்டில் வரும் காளை’ என்று நீங்கள் எழுதிக்கொண்டே போகிறீர்கள். அந்த விலங்குகளுக்கு என்ன நேர்ந்தது என்ற வரி மட்டும் எங்கும் இல்லை. ஒரு மாலையில் ஆறு காளைகள், ஒரு வீரருக்கு இரண்டு என்பது வழக்கமான கணக்கு. 1944இல் மனோலெத்தே தொண்ணூறு முறையாவது அரங்கில் இறங்கினார் என்றால், அந்த ஒரே ஆண்டில் அவர் கையால் இறந்தவை ஏறக்குறைய 180. குதிரைமேல் வரும் பிக்காதோர் கழுத்துத் தசையில் ஈட்டியை இறக்கிய பிறகு, முதுகில் பண்டெரில்லாக்கள் தொங்க, இரத்தம் வடிய வரும் விலங்குக்கு முன்னால்தான் இந்த ‘அசையாமை’ நிகழ்கிறது. 1928இல் குதிரைகளுக்குப் பஞ்சுக் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பு குதிரைகளின் குடல் மணலில் சரிவதை மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவசம் வந்ததும் பார்வையாளரின் அருவருப்பு குறைந்தது. அந்தக் கவசத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்துகொண்டு காளையை இன்னும் நீண்ட நேரம் குத்தவும் முடிந்தது. கருவேலன் ஐயா காளை சிறியது என்று குறைபடுகிறார். காளை பெரியதாக இருந்திருந்தால் மட்டும் இது சரியாகிவிடுமா?

கருவேலன்:
சரியாகாது, அம்மா. ஆனால், நான் எழுப்பிய கேள்வி அந்தத் தொழிலின் அளவுகோலுக்குள் அவர் எங்கே நிற்கிறார் என்பது. அந்த அளவுகோலையே நீங்கள் ஏற்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

நாட்குறிப்பு:
மூவருமே அரங்கத்தின் மணலுக்குள் நின்று பேசுகிறீர்கள். அவரை அந்த உயரத்துக்கு ஏற்றியது அரங்கத்துக்கு வெளியே இருந்த நாடு. அவர் முழு வீரரான 1939 ஜூலையில் போர் முடிந்து மூன்று மாதங்கள்தான் கழிந்திருந்தன. அன்று அவர் எதிர்கொண்ட காளையின் பெயர் ‘கம்யூனிஸ்ட்’. வென்றவர்களின் ஸ்பெயினில் அந்தப் பெயரோடு ஒரு காளையை விளம்பரப்படுத்த முடியாதென்று அதை ‘மிராதோர்’ என்று மாற்றினார்கள். ஒரு காளைக்குக்கூட அரசியல் தணிக்கை நடந்த நாளில் தொடங்கிய தொழில்வாழ்க்கை அது. மனோலெத்தேயும் போரில் வென்று சர்வாதிகாரியான பிராங்கோ தரப்பின் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். கோர்தோபா 1936 ஜூலையிலேயே கிளர்ச்சிப் படையின் கையில் விழுந்துவிட்டதால், அந்த ஊர் இளைஞர்களுக்கு வேறு தேர்வும் அதிகம் இருக்கவில்லை.

ரேஷன் அட்டைகள் 1952 வரை நீடித்த நாடு அது. மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது, பட்டும் பொன்னிழையும் பூண்ட, ஒடுங்கிய கன்னமும் துயரம் தோய்ந்த நீண்ட முகமும் கொண்ட ஓர் ஆள், சிரிக்காமல், அலட்டாமல், சாவுக்கு அருகில் நிமிர்ந்து நின்றான். பத்திரிகைகளுக்குப் பேச வேறு எதுவும் அனுமதிக்கப்படவில்லை. பத்திரிகையாளர் கா-ஹித்தோ அவருக்கு ‘எல் மோன்ஸ்த்ருவோ’ என்று பட்டம் சூட்டினார்; மனித அளவுக்கு அப்பாற்பட்டவர் என்ற பொருளில் அது நிலைத்துவிட்டது. லகார்த்திஹோ, கெர்ரித்தா, மச்சாக்கித்தோ ஆகியோருக்கு அடுத்து அவரைக் கோர்தோபாவின் நான்காம் கலீஃபா, அதாவது அந்த ஊரின் தலைசிறந்த வீரர்களில் நான்காமவர், என்றும் வரிசைப்படுத்தினார்கள். தோல்வியையும் பசியையும் பற்றிப் பேச முடியாத ஒரு சமூகம், பேசக் கிடைத்த ஒரே வீரரைப் பற்றி அளவுக்கு மிஞ்சிப் பேசியது. அவருடைய புகழின் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மாலைவெயில்:
நாட்குறிப்பு சொல்வதில் உள்ள உண்மையைவிட அதில் உள்ள இடைவெளியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்தப் புகழ் பிராங்கோவின் தணிக்கைக்குள் ஊதப்பட்ட பலூன் என்றால், தணிக்கை எட்டாத இடத்தில் அது வெடித்திருக்க வேண்டும். மெக்சிகோ பிராங்கோவின் அரசை அங்கீகரிக்காத நாடு. தோற்ற குடியரசின் அகதிகள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த நாடு. இரு நாட்டு வீரர்களுக்கும் இடையே 1936இல் முறிந்துபோன தொழில் உறவு 1944இல்தான் மறுபடி ஒட்டியது. அவ்வாண்டு ஜூலையில் அர்ரூசா மாட்ரிட்டில் இறங்கினார். 1945 டிசம்பர் 9 அன்று மனோலெத்தே மெக்சிகோ நகரின் பழைய எல் தொரேயோ அரங்கில் இறங்கினார். முதல் நாளிலேயே கொம்பு பாய்ந்து மருத்துவமனைக்குப் போனார். அந்த நகரம் அன்றே அவரைத் தன்னவராக்கிக்கொண்டது. 1946 பிப்ரவரி 5 அன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் பிளாசா மெக்சிகோவைத் திறந்து வைத்த மூவரில் அவரும் ஒருவர். மற்ற இருவரும் மெக்சிகர்களான எல் சொல்தாதோவும் லூயிஸ் புரோக்குனாவும். குடியரசின் அகதிகள் பிராங்கோவின் பிரச்சாரத்துக்காகவா அந்த இருக்கைகளுக்குப் பணம் கொடுத்தார்கள்?

அவருடைய சொந்த வாழ்வும் அந்த ஆட்சி விரும்பிய படத்துக்குள் அடங்கவில்லை. நடிகை லூபே சினோவோடு திருமணமின்றி வெளிப்படையாக வாழ்ந்தார். மெக்சிகோவுக்கும் அழைத்துச் சென்றார். கத்தோலிக்க ஒழுக்கத்தை அரசு கட்டளையாக்கிய நாட்டின் முதல் வீரர் செய்த காரியம் அது. தாய்க்கும் காமராவுக்கும் அந்தப் பெண்ணை ஏற்க மனம் வரவில்லை.

காளையின் அளவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மாட்ரிட்டில் அவர் செய்தவற்றில் மிகச் சிறந்ததாகப் பேசப்படுவது 1944 ஜூலை 6 அன்று பத்திரிகையாளர் சங்கத்துக்காக நடந்த காளைப்போரில், பிந்தோ பர்ரெய்ரோஸ் பண்ணையின் ரத்தோன் என்ற காளையோடு செய்தது. அது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காளைகூட அன்று. மாற்றாக உள்ளே விடப்பட்டது. காமராவின் நிபந்தனைகள் மாற்றுக் காளைவரை நீண்டன என்று சொல்வீர்களா?

கருவேலன்:
மாற்றுக் காளையைப் பற்றிய உங்கள் வாதம் கூர்மையானது. ஆனால், மெக்சிகோவைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம். அந்நாட்டுப் பண்ணைகளின் காளைகள் ஸ்பெயினின் காளைகளைவிட உருவில் சிறியவை, ஓட்டத்தில் மெதுவானவை. நான் சொல்லும் பாணிக்கு அதைவிடப் பொருத்தமான மண் வேறில்லை.

வெள்ளைக்கோட்டு:
நான் அறுவைச் சிகிச்சைத் துறையில் இருப்பவன். காளைப்போரில் எனக்குப் பற்று எதுவும் இல்லை. தொடக்கப் பதிவில் மரணத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். ஆனால் அந்த மரணத்தைச் சுற்றி இணையத்தில் உலவும் கதைகள் பெரும்பாலும் ‘பிளாஸ்மா கொன்றது’ என்ற ஒரே வரியில் முடிவதால் இதை எழுதுகிறேன்.

கொம்பு பாய்ந்த இடம் தொடையும் அடிவயிறும் சந்திக்கும் முக்கோணப் பகுதி. தொடைத் தமனியும் சிரையும் தோலுக்கு மிக அருகில் ஓடும் இடம் அது. காளையின் கொம்பு கத்தியைப் போல ஒரே கோட்டில் போவதில்லை. காளை தலையை உலுக்கும்போது உள்ளே பல திசைகளில் பாதைகள் உண்டாகின்றன. லினாரெஸ் அரங்கின் சிகிச்சை அறையில் மருத்துவர் கர்ரிதோ நாளங்களைக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தினார், இரத்தமும் ஏற்றப்பட்டது. பின்னர் அவரை ஊர் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மாட்ரிட் அரங்கின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஹிமெனெஸ் கினேயா இரவோடு இரவாகக் காரில் வந்து சேர்ந்தார். விடியலை ஒட்டி உலர் பிளாஸ்மா கரைத்து ஏற்றப்பட்டது. சிறிது நேரத்தில், ஐந்து மணி கடந்தவுடன், அவர் இறந்தார். பத்து நாள்களுக்கு முன்பு காதிஸ் துறைமுகத்தில் நடந்த பெரும் வெடிவிபத்துக்காக வரவழைக்கப்பட்ட பிளாஸ்மாவின் மிச்சம் அது என்பது பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஏற்றிய பிளாஸ்மா கேடு விளைவித்திருக்கலாம். ஆனால், பல மணி நேர அதிர்ச்சி நிலையில் இருந்த உடலுக்குக் கடைசியாக எதை ஏற்றினாலும் பழி அதன் மேல் விழும். அறுந்த தமனியைத் தைத்து மீட்கும் முறை பரவலாகக் கைக்கு வந்தது 1950களின் தொடக்கத்தில், கொரியப் போரின் களமருத்துவமனைகளில். 1947இல் நாளத்தைக் கட்டுவதுதான் உலகெங்கும் இருந்த வழக்கம். 2010 ஏப்ரலில் மெக்சிகோவின் அகுவாஸ்கலியெந்தேஸில் ஹொசே தோமாஸ் என்ற வீரருக்கும் தொடையின் பெருநாளங்களில்தான் காயம் ஏற்பட்டது. அவருக்குப் பல லிட்டர் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது; அவர் பிழைத்துக்கொண்டார். இடையில் மாறியது மருத்துவம். மாட்ரிட்டின் லாஸ் வெந்தாஸ் அரங்குக்கு வெளியே பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங்குக்கு 1964இல் சிலை வைத்திருக்கிறார்கள், நியாயமான நன்றிக்கடன்தான். ஆயினும் மனோலெத்தே தொற்றால் இறக்கவில்லை. பென்சிலினால் அவருக்கு ஆகக்கூடியது எதுவும் இல்லை.

நாட்குறிப்பு:
வெள்ளைக்கோட்டு அவர்களுக்கு நன்றி. அன்றைய பத்திரிகைகள் விதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினவே தவிர, சிறு நகரங்களின் சிகிச்சை அறைகளைப் பற்றி எழுதியது குறைவு. 1984இல் பக்கீர்ரி என்ற வீரர் போசோபிளாங்கோ என்ற சிறு நகரில் காயமடைந்து, கோர்தோபாவுக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தபோதும் அதே கேள்வி மிச்சமிருந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் போதவில்லை.

இன்னொன்று: 1946 முழுவதிலும் மனோலெத்தே ஸ்பெயினில் இறங்கியது மாட்ரிட்டில், செப்டம்பரில், ஒரே ஒருமுறை. 1947இல் முழுப் பருவத்துக்குத் திரும்பியபோது கூட்டத்தின் மனநிலை மாறியிருந்தது. நுழைவுச் சீட்டின் விலை ஏறியதற்கு அவருடைய ஊதியம்தான் காரணம் என்று வசை எழுந்தது. ஜூலை 16 அன்று மாட்ரிட்டில் காயம்பட்ட பிறகும் அந்த வசை நிற்கவில்லை. அந்தப் பருவத்தோடு ஓய்வுபெறப் போவதாக அவரே சொல்லிவந்தார். இருபது வயதான லூயிஸ் மிகேல் தொமிங்கின், மூத்தவரின் இடத்தை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டு எதிரே நின்றார். லினாரெஸில் அவரும் அதே அணியில் இருந்தார். உடனிருந்த மூன்றாமவர் ஹித்தானில்யோ தெ த்ரியானா. 1939இல் செவில்லாச் சடங்குக்குச் சாட்சியாக நின்ற அதே மனிதர். சிறிய காளைகளைத் தேர்ந்தெடுத்துப் பிழைத்தவர் என்று கருவேலன் ஐயா சித்திரிக்கும் ஒருவர், ஓய்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு சுரங்க நகரத்துத் திருவிழாவில், ஆபத்தானவை என்று பெயர்பெற்ற மியூரா காளைகளுக்கு ஒப்புக்கொண்டது ஏன்? கூட்டம் அவரை அங்கே தள்ளியது என்பதுதான் என் வாசிப்பு.

மாலைவெயில்:
அந்த மாலையில் நடந்ததைத்தான் நான் கடைசிச் சான்றாக வைக்க நினைத்திருந்தேன். இஸ்லேரோ ஐந்தாம் காளை. வலப்பக்கம் வெட்டித் திரும்பும் குணம் உடையது என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வாள் பாய்ச்சும்போது அவசரமாக விலகிவிடும்படி தடுப்புக்குப் பின்னாலிருந்து எச்சரித்தார்கள். காளையின் கொம்புக்கு மேலாக வலக்கையை நீட்டி, தோள்களுக்கு நடுவே வாளை இறக்கும் அந்த ஒரு கணத்தில் வீரரின் கண் காளையின் தலையைவிட்டு அகல வேண்டும். இடக்கைத் துணி மட்டுமே கொம்பைத் திசைதிருப்பும். பெரும்பாலோர் அந்த இடத்தில் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்துகொள்வார்கள். அதை மனிதர் செய்யக்கூடிய தந்திரமாக எவரும் மன்னித்துவிடுவார்கள். மனோலெத்தே நேராக, மெதுவாக உள்ளே போனார். வாள் முழுதும் இறங்கிய அதே நொடியில் கொம்பும் இறங்கியது. காளை விழுந்தது. சிறந்த ஆட்டத்துக்கான பரிசாக அதன் இரு காதுகளும் வாலும் அளிக்கப்பட்டன. வாங்கிக்கொள்ள ஆள் அரங்கில் இல்லை.

பக்கவாட்டு நிலை, மர வாள், காமரா, சீவிய கொம்பு என்று கருவேலன் ஐயா அடுக்கியவற்றில் ஒன்றுகூட இந்த இடத்தில் பொருந்தாது. கொல்லும் கணத்தில் ஏமாற்றாதவர் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். காளை சிறியதா பெரியதா என்பதை விட்டுத்தள்ளுங்கள். வாள் பாய்ச்சும்போது கொம்பு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும்.

கருவேலன்:
அவருடைய வாளை நான் எங்கும் குறை சொல்லவில்லை. என் முதல் பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். அவருக்குப் பின்வந்தவர்கள் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கவலை. வாளை எடுத்துக்கொண்டவர்கள் வெகு சிலர். எல்லோரும் எடுத்துக்கொண்டது முலேத்தாவை: அசையாமல், தொடராக, நூறு முறையும் ஒரே மாதிரி. இதற்கு ஒத்துழைக்கும் காளைதான் நல்ல காளை என்று கூட்டம் முடிவு செய்தது. பண்ணையார்கள் அதற்கேற்பப் பொலிகாளைகளையும் பசுக்களையும் தேர்ந்தார்கள். எதிர்பாராத குணம் உடைய வம்சங்கள் ஒதுங்கிப்போயின. மியூராக்களே இன்று ஒரு தனிச் சுவையாக, ஆண்டுக்குச் சில மாலைகளுக்கு மட்டும் அழைக்கப்படுகின்றன. பெல்மோந்தே ஆட்டத்தை மாற்றினார்; மனோலெத்தே காளையையே மாற்றிவிட்டார். முந்தையதை நான் புரட்சி என்பேன்.

கொம்பு விவகாரத்தில் என் சொல்லை நம்ப வேண்டாம். 1952இல் அந்தோனியோ பியன்வெனிதா என்ற வீரரே வெளிப்படையாக அந்த மோசடியைப் போட்டுடைத்தார்; 1953இல் அரசு அதைத் தடைசெய்து ஆணையிட்டது. நோய் இல்லாமல் மருந்து எழுதமாட்டார்கள்.

செண்பகம்:
“காளையையே மாற்றிவிட்டார்” என்கிறீர்கள். நானும் அதையேதான் வேறு வழியாகச் சொல்ல வந்தேன். ஒரு மனிதன் அழகாக நிற்பதற்கு ஏற்றபடி ஓர் உயிரினத்தின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி, இறுதியில் அதை மணலில் கொல்வது என்ற ஏற்பாட்டை நீங்கள் ‘தரம் குறைந்தது’ என்ற ஒரே காரணத்துக்காக வருந்துகிறீர்கள். இஸ்லேரோவின் தோல் இன்றும் கோர்தோபாவின் காளைப்போர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. இத்தாலிய லம்போர்கினி நிறுவனம் 1966இல் ஒரு காருக்கு மியூரா என்றும் 1968இல் இன்னொன்றுக்கு இஸ்லேரோ என்றும் பெயர் வைத்தது. கொன்றவனைக் கொன்ற காளைக்கு இவ்வளவு மரியாதை. அதே பருவத்தில் அவர் வாளுக்கு இரையான மற்றவற்றின் பெயர்களைச் சொல்லச் சொன்னால், மாலைவெயில் அவர்களாலும் எத்தனை சொல்ல முடியும் என்று தெரியவில்லை.

மாலைவெயில்:
சிலவற்றைச் சொல்வேன், செண்பகம் அவர்களே. ஆனால் அது உங்களுக்குப் பதிலாகாது என்பதும் தெரியும். காளை இறக்கிறது என்பதை மறைத்து இந்தக் கலையை நேசிக்க முடியாது. மனோலெத்தேயின் சிரிக்காத முகத்தில் அந்த மறைப்பு இல்லை என்பதுதான் அவரிடம் என்னை முதலில் ஈர்த்தது.

கருவேலன் ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. 1969 முதல் பிறக்கும் ஒவ்வொரு காளையின் தோளிலும் பிறந்த ஆண்டின் எண் சூடுபோடப்படுகிறது. 1973க்குப் பிறகு மூன்று வயதுக் காளையை நான்கு வயது என்று விற்பது எளிதன்று. எடையும் கூடிவிட்டது, இன்றைய பெரிய அரங்குகளில் ஐந்நூறு கிலோவுக்குக் குறைந்த காளையைப் பார்த்தாலே கூட்டம் சீறுகிறது. இப்படி வயது உறுதியான, எடை மிகுந்த காளைகளுக்கு முன்னால் ஹொசே தோமாஸ், மனோலெத்தேயைத் தன் ஆசானாகக் கொண்டு, அதே நெருக்கத்தில் அதே அசையாமையைக் காட்டினாரே? பாணி சிறிய காளைகளின் குழந்தை என்றால், பெரிய காளைகளுக்கு முன்னால் அது எப்படிச் செல்லுபடியானது?

கருவேலன்:
அந்தப் பெரிய காளைகளின் பாட்டன்மார் யார் என்று பாருங்கள். வயது நான்கு, எடை ஐந்நூறு என்பது உண்மை; ஆனால் நேராக வரவும், தலையைத் தாழ்த்தவும், திரும்பத் திரும்பத் துணியைத் தொடரவும் முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரத்தம் அது. ஹொசே தோமாஸின் துணிவை நான் சந்தேகிக்கவில்லை. அகுவாஸ்கலியெந்தேஸ் ஒன்றே போதும். ஆனால் அவர் முன் நின்ற காளை 1917இல் பெல்மோந்தேயின் முன்னால் நின்ற காளையன்று. ஒப்பீட்டுக்கு வேண்டுமானால், மியூரா பண்ணையின் பழைய குணம் மாறாத ஆறு காளைகளோடு இந்தப் பாணியில் தொடர்ந்து இறங்கி வென்ற ஒருவரைக் காட்டுங்கள்; அதன் பிறகு நான்காம் கலீஃபாவைப் பற்றி மறுபடி பேசுவோம்.

மாலைவெயில்:
பெல்மோந்தேயே தம் காலத்தில் அத்தகைய ஆறு காளைகளோடு அந்தப் பாணியில் தொடர்ந்து வென்றவரல்லர். அந்த அளவுகோலை வைத்தால் பட்டியலில் எவருமே மிஞ்ச மாட்டார்கள், ஐயா.